நாகத் துண்டு

(நூற்றாண்டையொட்டிப் பல்லேகலவில் நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்றால் நீரிழிவைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் அதைப் பேச எனக்கு மனமில்லை. நான் பேசப்போவது நாகத்தைப் பற்றி. பாம்பு அல்ல, நமது ஆய்வுகூடத்தில் ஐதான அமிலத்தில் போட்டுக் குமிழி பார்த்தோமே, அந்த உலோகம்.

உள்ளகப் பயிற்சிக் காலத்தில் ஓரிரவு, பூச்சிக்கொல்லி குடித்த ஒரு பிள்ளையைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்தார்கள். விடியும்வரை அத்ரோப்பின் ஏற்றினோம். தாய் கேட்டார்: "மிஸ், அந்த நஞ்ச உடைக்கிறதுக்கு மருந்து இல்லையா?" அத்ரோப்பின் நஞ்சின் விளைவை அடக்கும், நஞ்சைத் தொடாது. பிள்ளை பிழைத்தாள். கேள்வி என்னோடு தங்கிவிட்டது.

உடைக்கும் நொதியம் ஒன்று பக்டீரியாவில் உண்டு. அதன் நடுவே இரண்டு நாக அயன்கள். அவை ஒரு நீர் மூலக்கூறைப் பிடித்து, அதிலிருந்து ஒரு புரோத்தனைக் கழறச் செய்கின்றன. எஞ்சும் ஐதரொட்சைல் நஞ்சின் பொசுபரசைத் தாக்கிப் பிணைப்பை அறுக்கிறது. அயன்களை அகற்றினால் நொதியம் வேலை செய்யாது. நாகத்துக்குப் பதில் கோபாற்றை வைத்தால் சில நஞ்சுகளை இன்னும் வேகமாக உடைக்கும். புரதம் அதேதான்!

2012இல் அமெரிக்காவில் டேவிட் பேக்கர் குழுவினர் (2024இல் நோபல் பரிசு பெற்றவர்) வேறு வேலைக்கான சுண்டெலி நொதியம் ஒன்றை எடுத்தார்கள். அதிலிருந்த நாக அயனை அதன் இடத்திலேயே விட்டு, சுற்றியுள்ள அமினோவமிலங்களைக் கணினியில் மாற்றி வடிவமைத்தார்கள். பிறகு ஆய்வுகூடத்தில் படிப்படியாகத் திருத்தினார்கள். இந்த நஞ்சினத்தைச் சேர்ந்த மாதிரிச் சேர்வை ஒன்றை உடைக்கும் திறன் ஒரு கோடி மடங்குக்கு மேல் கூடியது.

அது மருந்தாகிவிடவில்லை. குருதியில் நிலைக்க வேண்டும், உடல் அதை எதிர்க்கக் கூடாது, நமது அரச வைத்தியசாலைகளுக்குக் கட்டுப்படியாகவும் வேண்டும்.

இங்கே உயிர்களைக் காத்தது தடைச் சட்டம். 1995இல் மிகக் கொடிய வகைகளையும் 1998இல் எண்டோசல்பானையும் நிறுத்தினார்கள். 1995க்குப் பிந்திய பத்தாண்டில் நாட்டின் தற்கொலை வீதம் பாதியானது. இதைச் சொல்லாமல் நாகத்தின் புகழ் பாடுவது சரியல்ல. ஆனாலும் வாட்டுக்கு வந்துசேரும் பிள்ளைக்குத் தடைச் சட்டம் உதவாது. அந்தத் தாயின் கேள்விக்கு இன்றும் "இல்லை அம்மா" என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் இரசாயனவியல் மிஸ் முன்வரிசையில் இருக்கிறார். மிஸ், ஒரு நாகத் துண்டு குறைகிறதென்று வகுப்பையே நிறுத்திவைத்தீர்களே, எடுத்தது நான்தான்.