அரையடி நாட்டில் ஒரு தூது



கடற்கரையில் உறங்கும் ஒருவனை அரையடி உயர மனிதர்கள் கயிற்றால் கட்டிவைக்கும் கதையைச் சிறுவயதில் நாம் படித்திருப்போம். கலிவரின் பயணங்கள் என்னும் அந்நூலை நான் முழுமையாகப் படித்தது ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில்தான். சிறுவர் பதிப்பில் நான் காணாத தூதுக் கதை ஒன்று அதில் இருந்தது.

டப்ளின் நகரத் தேவாலயத் தலைவர் ஜொனாதன் சுவிஃப்ட் எழுதி, 1726இல் இலண்டனில் வெளிவந்த நூல் அது. லில்லிபுட், பிளெஃபஸ்கு என்னும் இரு நாடுகளுக்கும் தீராப் பகை. முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்பதே வழக்கு! சிறிய முனையில் உடைக்க மறுத்துப் பதினோராயிரம் பேர் மாண்டனர் என்று படிக்கும்போது, நம் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

கலிவர் பகைவரின் ஐம்பது போர்க்கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வருகிறான். லில்லிபுட் அரசன் பட்டம் அளிக்கிறான். ஆயினும் அவனுக்கு அந்த வெற்றி போதவில்லை. பகைநாட்டையே அடிமைப்படுத்தித் தரச் சொல்கிறான். கலிவர் மறுக்கிறான். மூன்று வாரங்களில் ஆறு தூதர்கள் ஏறத்தாழ ஐந்நூறு பேர் கொண்ட பரிவாரத்துடன் சமாதானம் பேச வருகின்றனர். உடன்படிக்கை லில்லிபுட்டுக்கே ஆதாயமாக முடிகிறது. ஆனால், அடிமைப்படுத்த மறுத்தது, தூதர்க்கு உதவியது, அவர்கள் நாட்டுக்குச் செல்ல எண்ணியது ஆகிய மூன்றும் கலிவர்மீது துரோகக் குற்றங்களாகின்றன. அவன் கண்களைக் குருடாக்குவதென முடிவாகிறது. உயிரைப் பறிக்காததால் அதற்குக் கருணை என்று பெயர்!

இது வெறுங்கற்பனை அன்று. 1713இல் உட்ரெக்ட் உடன்படிக்கையால் பிரான்சுடன் அமைதி கண்டவர்கள் சுவிஃப்ட்டின் நண்பர்களான ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவும் பாலிங்புரோக் பிரபுவும். 1715இல் இருவர்மீதும் துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. ஒருவர் சிறைப்பட்டார், மற்றவர் பிரான்சுக்குத் தப்பிச் சென்றார்.

கவிஞர்களாகிய நாம் நின்று நோக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. இரு நாட்டாரும் தத்தம் மொழியே தொன்மையும் அழகும் வாய்ந்தது எனப் பெருமை கொள்கின்றனர்; மற்றவர் மொழியை இகழ்கின்றனர். கப்பல்களைக் கைப்பற்றிய அரசன், வந்த தூதர்களைத் தன் மொழியிலேயே பேசவைக்கிறான். கடலோரத்து வணிகரும் மாலுமிகளுமோ இரு மொழிகளிலும் உரையாட வல்லவர்கள்!

வகுப்பறையில் தமிழின் தொன்மையைப் பெருமிதத்தோடு சொல்லி வருபவள் நான். இவ்விடத்தில் நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் அமைதியாக அமர்ந்திருந்தேன். என் பெருமிதம் எத்தகையது? அந்த அரசனுடையதா, அந்த மாலுமியுடையதா?

வரும் ஆண்டுகளில் நம் வட்டத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் அண்டை மொழிக் கவிதை ஒன்றையேனும் தமிழாக்கி வாசிப்போம். தூது அரசவையில் தோற்கலாம். கடலோரத்தில் அது தோற்பதில்லை.