பொங்குமாங்கடலும் ஒரு மனுவும்

குற்றாலச் சாரலைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பேசுகிறேன். ஆனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் அருவிக்கரைக்கு வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரலில் ஒரு காலை. தென்காசி பஜாரில் காய்கறி வாங்கிக்கொண்டு நிற்கிறேன். வாட்ஸ்அப்பில் அழைப்பு. எங்கள் தெருப் பிள்ளை, இங்கே அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறாள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் அவள் அப்பா அனுப்பிவைத்தார். "பெரியப்பா, அப்பாகிட்ட சொல்லிராதிய. ராத்திரி யாராவது கதவத் தட்டுனா தொறக்கவா, வேண்டாமா?" என்றாள்.

முப்பது வருஷம் தமிழ் நடத்தியவன் நான். இந்தக் கேள்விக்குத் தொல்காப்பியத்தில் பதில் இல்லை. கையில் கத்தரிக்காயோடு நின்றேன்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம் மார்ச் 7ஆம் தேதி, கொலம்பியா பல்கலைக்கழகக் குடியிருப்பில் குடியேற்றத் துறை அதிகாரிகள் ஒரு கதவைத் தட்டினார்கள். உள்ளே இருந்தவர் ரஞ்சனி சீனிவாசன், நகரத் திட்டமிடலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்க இந்தியாவிலிருந்து வந்தவர். இரண்டு நாள் முன்னால்தான் அவருடைய விசாவை ரத்து செய்திருந்தார்கள். உடன் தங்கியிருந்த பெண் கதவைத் திறக்கவில்லை. மறுநாள் இரவு, அதே பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான இன்னொரு கட்டிடத்தில், பாலஸ்தீன ஆதரவுப் போராட்டங்களில் முன்நின்ற மஹ்மூத் கலீல் கைதானார். அவரிடம் கிரீன் கார்டு இருந்தது. 11ஆம் தேதி ரஞ்சனி கனடாவுக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகள் கணினியில் சத்தமில்லாமல் முடிக்கப்பட்டு, நீதிமன்றங்கள் கேள்வி கேட்ட பிறகு திரும்ப ஏற்றப்பட்டன.

இந்தக் குடியேற்ற அமலாக்கத் துறையை நீங்கள் 'ஐஸ்' என்கிறீர்கள். எங்கள் ஊரில் ஐஸ் என்றால் சேமியா ஐஸ்தான். இந்த ஐஸைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. தெரிந்துகொண்டதில் முக்கியமானது ஒரு கையெழுத்து. துறை அதிகாரியே கையெழுத்துப் போட்டு நீட்டும் தாள் ஒன்று, நீதிபதி கையெழுத்துப் போட்ட வாரண்ட் வேறொன்று. கதவைத் திறக்குமுன் எந்தக் கையெழுத்து என்று கேள், இதுதான் வழக்கறிஞர்கள் மாணவர்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம். மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்திடம் கேட்பதும் இதைத்தான்: நீதிபதி கையெழுத்து இல்லாமல் விடுதிக்குள் விடாதீர்கள், எங்கள் விவரங்களைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்காதீர்கள், எங்களுக்கு ஒரு வக்கீலை ஏற்பாடு செய்யுங்கள்.

இது புதிய கோரிக்கையும் கிடையாது. 2016 நவம்பரில் நாடு முழுவதும் மாணவர்கள் இதற்காக வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். ரீட் கல்லூரி தன்னை அடைக்கல வளாகமாக அறிவித்தது. வாரண்ட் இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று அன்றைக்குச் சொன்னவற்றில் இதே கொலம்பியாவும் உண்டு. பள்ளி, கல்லூரி, வழிபாட்டுத் தலம், மருத்துவமனை ஆகிய இடங்களில் கைது நடவடிக்கையைத் தவிர்க்க வேண்டும் என்று அந்தத் துறையே 2011இல் ஒரு நெறிமுறை வைத்திருந்தது. 2025 ஜனவரியில் அந்தப் பாதுகாப்பு எடுக்கப்பட்டுவிட்டது.

இப்போது அருவிக்கரைக்கு வருகிறேன். குற்றாலப் பேரருவியில் குளித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். மேலேயிருந்து வருகிற தண்ணீர் நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பாறையில் ஓர் ஆழமான பள்ளம், பொங்குமாங்கடல். முழு வேகமும் அதில் விழுந்து, பொங்கி, வழிந்து, அப்புறம்தான் கீழே வருகிறது. அதனால்தான் ஆறு வயசுப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்க முடிகிறது. அது தண்ணீரை நிறுத்துவதில்லை, வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. பல்கலைக்கழகத்தை மாணவர்கள் கேட்பதும் அப்படி ஒரு பள்ளமாக இருக்கச் சொல்லித்தான். அதே 2025 மார்ச் 13ஆம் தேதி நீதிபதியின் வாரண்டோடு வந்து கொலம்பியாவில் இரண்டு அறைகளைச் சோதனை போட்டார்கள். அதைப் பல்கலைக்கழகம் தடுக்க முடியாது, தடுக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. நீதிபதி பார்ப்பதற்கு முன்னால் இருபது வயசுத் தலையில் நேரே விழக்கூடாது, அவ்வளவுதான்.

கொலம்பியாவைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. 1990களின் கடைசியில் என் வகுப்பில் இலங்கை அகதி முகாமிலிருந்து ஒரு பையன் படித்தான். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் அவன் அங்கே நின்றாக வேண்டும், இல்லையென்றால் குடும்பத்துக்கு வரும் உதவித்தொகைக்குச் சிக்கல். காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தே 'ஆப்சென்ட்' போட்டேன். வருஷக் கடைசியில் வருகை குறைந்து, தேர்வு எழுத அவன் வருகைக் குறைவை மன்னிப்பதற்கான 'கண்டோனேஷன்' கட்டணம் கட்டினான். யாரிடம் கடன் வாங்கினான் என்று நான் கேட்கவில்லை. கல்லூரி முதல்வரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்று இருந்துவிட்டேன். 2021 ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். நல்லது. அவன் கட்டிய பணம் கட்டியதுதான்.

அதனால் சொல்கிறேன். 'நமக்கு எதுக்கு வம்பு, படிச்சோமா வேலைக்குப் போனோமா' என்று பிள்ளைகளிடம் சொல்லும் பெற்றோர்களை எனக்கு நன்றாகவே புரியும். நானும் அந்தக் கட்சியில் இருந்தவன். மனு போடுவது நமக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்களும் உண்டு. தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இந்தக் கோயிலைக் காப்பவர்கள் காலில் விழுவதாகக் கல்வெட்டிலேயே எழுதி வைத்தான். ராஜாவே கேட்டிருக்கிறான், பிள்ளைகள் கேட்டால் என்ன?

வெளியே, காபி மேசைக்குப் பக்கத்தில், உங்கள் ஊர்ப் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு மனு வைத்திருக்கிறார்கள். என் கையெழுத்து உதவாது, நான் விசிட்டர் விசாவில் வந்த கிழவன். விசாவில் படிக்கும் பிள்ளைகளைப் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் முதலில் போடுங்கள். அதையும் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். சாப்பிட்டு முடித்தால் நம் ஆட்கள் கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.