பாதுகாப்புச் சோதனையில் தேறியாச்சு, அடுத்து என்ன?



கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஒரு பிள்ளைக்கு அரசாங்க வேலை கிடைத்தால் கோயிலில் அர்ச்சனை நடக்கும். கூடவே ஒரு பயமும் வரும். இ-வெட்டிங் பாரத்தில் குடும்ப விவரமெல்லாம் கேட்கிறார்களே, 2007 நவம்பர் 25 பேரணிக்கு அப்பா போனது பிள்ளையைத் தொடுமா என்று கேட்கிறீர்கள். 2008 அக்டோபரில் இண்ட்ராப் மீது போட்ட தடை 2013 ஜனவரியில் நீக்கப்பட்டது. பாரத்தில் கேட்டதற்கு உண்மையை எழுதுங்கள். மறைப்பதுதான் பின்னால் வம்பு.

சரி, 'தாப்பிசான் கெசெலாமாத்தான்' தேறிவிட்டது. அதற்குப் பிறகு?

முதலாவது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தகுதிகாண் காலம் 1 முதல் 3 ஆண்டுகள். பயிற்சியையும் துறைத் தேர்வையும் முடித்து, வேலை உறுதிக் கடிதத்தைக் கையில் வாங்குங்கள். அதன் நகலை வீட்டிலும் வையுங்கள்.

இரண்டாவது, சோதனை இரண்டு வகை. 'காசார்' எல்லா ஊழியருக்கும் உரியது. 'ஹாலுஸ்' இரகசியக் கோப்புகளைக் கையாளுகிறவர்களுக்கு. அதைப் புதுப்பிக்க வேண்டும். எதில் தேறினாலும் எல்லாக் கோப்பையும் திறக்க உரிமை இல்லை. உங்கள் வேலைக்குத் தேவையானதை மட்டும்தான் பார்க்கலாம்.

மூன்றாவது, 1972 அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் கீழ் கையெழுத்து. வேலையில் சேரும்போதும் போடுவீர்கள், விலகும்போதும் போடுவீர்கள். இரகசியத்தை வெளியிட்டால் 8ஆம் பிரிவின்படி 1 முதல் 7 ஆண்டு வரை சிறை. படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இங்கே உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. "தம்பி, நம்ம சிவப்பு ஐசி மனு எங்கே நிக்குதுன்னு கோப்பைப் பார்த்துச் சொல்லுப்பா" என்று கேட்காதீர்கள். அந்தக் கோப்பைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போவது அந்தப் பிள்ளையின் வேலை. மனு நிலவரத்தை முகப்பில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

நான்காவது, கட்சியில் சேருமுன் 1993ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகளைப் பாருங்கள். உயர்பிரிவு அதிகாரிகளுக்குக் கட்சி வேலைக்குத் தடை உண்டு. மற்றவர்கள் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். வாக்களிப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கடைசியாக, நமக்கு இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எந்த இனத்தவரானாலும் ஒரே நிலையில் உள்ள கூட்டரசு ஊழியர்களைப் பாரபட்சமின்றி நடத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 136ஆவது விதி. விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் பொதுவாக ஓர் ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 135(2). விதிவிலக்குகளும் உண்டு. ஆகவே காரணம் கேட்டுக் கடிதம் வந்தால் பயந்து சும்மா இருந்துவிடாதீர்கள். குறித்த நாளுக்குள் பதில் எழுதுங்கள். உங்கள் துறையில் சங்கம் இருந்தால் அன்றைக்கே போய்க் கேளுங்கள்.

அரசாங்க இரகசியத்தைக் காப்பாற்றுவது உங்கள் கடமை. உங்கள் உரிமையைக் கேட்க அது தடையில்லை.