கண்ணும் குலவழியும்

முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற சிலாவத்துறைக் கரையில் நிற்கும் முதியவருக்குக் கடலும் வானும் தொடும் நேர்கோடு வளைந்து தோன்றுமாயின், அதனை "வயது போனால் இப்படித்தான்" என்று தள்ளிவிடலாகாது. விழித்திரையின் நடுப்பகுதி சிதைவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

இந்நோய்க்குக் குலவழித் தொடர்பு உண்டு. உடலின் நோயெதிர்ப்பை அளவுக்குள் வைக்கும் புரதம் ஒன்றின் மரபணுவில் அமையும் வேறுபாடு இதற்கு ஏதுவாவதை 2005ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் கண்டறிந்தனர். ஆயினும், பிறப்பில் வந்ததெல்லாம் விதியன்று. அதனோடு புகைப்பழக்கமும் சேரும்போது ஆபத்து மேலும் பன்மடங்காகிறது. மரபணுவை மாற்ற இயலாது. சுருட்டைக் கைவிட இயலும்.

பெற்றோருக்கு இந்நோய் இருந்ததாயின், ஐம்பது கடந்த பிள்ளைகள் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தல் வேண்டும். ஒரு கண்ணின் குறையை மற்றது மறைத்துவிடும். கோடு வளையுமாயின் தாமதியாது கண் வைத்தியரை நாடுக. இழந்த பார்வையை மீட்பதினும் இருப்பதைக் காப்பது எளிது.