பீரோ சாவி யார் கையில்?



ஒரு பீரோவைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பச்சை நிற இரும்பு பீரோ. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஆய்வுக் குழுவில் ஒருத்தியாக ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனேன். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. பதினொரு வயதுப் பையன் ஒருவன் கையில் மாவுக்கட்டோடு வாசலில் நின்றான். "என்னப்பா ஆச்சு?" என்றேன். "விழுந்துட்டேன் டீச்சர்" என்றான். சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற வார்டனைப் பார்த்தான்.

அவனுடைய கோப்பைக் கேட்டேன். மருத்துவச் சீட்டு, தனிநபர் பராமரிப்புத் திட்டம், குழந்தைகள் நலக் குழுவின் ஆணை, எல்லாமே அந்த பீரோவுக்குள். "மேடம், அது கான்ஃபிடென்ஷியல். குழந்தையோட பிரைவசி" என்றார் பொறுப்பாளர். சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. அடுத்த முறை போனபோது பையன் அங்கே இல்லை. வேறு இல்லத்துக்கு மாற்றிவிட்டார்களாம். எந்த இல்லம் என்று கேட்டால் அதுவும் ரகசியமாம்.

தோழர்களே, ரகசியம் யாருக்காக? 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகங்களில் வெளியிடாதே என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவின் பக்கம் நான் உறுதியாக நிற்கிறேன். ஆனால் அதே சட்டத்தின் 54ஆம் பிரிவையும் படியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஆய்வுக் குழு இல்லத்துக்குப் போக வேண்டும். குறைந்தது மூன்று பேர். அதில் ஒருவர் பெண், ஒருவர் மருத்துவ அலுவலர். போய் வந்த ஒரு வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். மருத்துவரை எதற்காகச் சேர்த்தார்கள்? பிள்ளையின் உடம்பைப் பார்க்க, அவன் மருத்துவச் சீட்டைப் படிக்க. கோப்பைப் பூட்டிவைத்துவிட்டு ஆய்வு முடிந்தது என்று கையெழுத்துக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

99ஆம் பிரிவைக் காட்டுவார்கள். நலக் குழுவின் முன் வரும் அறிக்கைகள் ரகசியம் என்று அது சொல்வது உண்மைதான். ஊரார் பார்க்கக் கூடாது என்பதற்காக எழுதியது அது. கண்காணிப்பதற்கென்றே சட்டம் அமர்த்தியவரின் கண்ணைக் கட்ட எழுதியதல்ல. குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையங்களுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. ஆளை வரவழைக்கலாம், ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லலாம். இத்தனை அதிகாரம் பெற்ற ஆணையமும் செய்தித்தாளைப் பார்த்துத்தான் கொடுமையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அந்த அதிகாரத்தால் பிள்ளைகளுக்கு என்ன பயன்?

முசாஃபர்பூர் சிறுமியர் இல்லத்தை மறந்துவிடாதீர்கள். பீகாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தார் 110 இல்லங்களில் சமூகத் தணிக்கை செய்தார்கள். அந்தச் சிறுமியர் இல்லத்துக்கு அதற்கு முன்னால் அதிகாரிகள் போகாமல் இல்லை. போனார்கள், பதிவேடுகளும் இருந்தன. வெளியிலிருந்து வந்தவர்கள் சிறுமிகளோடு தனியாக உட்கார்ந்து பேசியபோதுதான் உண்மை வெளியே வந்தது. 2018 மே மாதக் கடைசியில் வழக்குப் பதிவானது. முப்பதுக்கும் மேற்பட்ட சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். 2020 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்றது. அந்தப் பத்தொன்பது பேரில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? குழந்தைகள் நலக் குழுவின் முன்னாள் தலைவர். அதே குழுவின் உறுப்பினர் ஒருவர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர். அந்தப் பிள்ளைகளைக் காக்க வேண்டியவர்கள், அவர்களுடைய கோப்பைக் கையில் வைத்திருக்க வேண்டியவர்கள்! அதனால்தான் சொல்கிறேன்: கோப்பு ஒரே கையில் இருக்கக் கூடாது. இரண்டாவது கண் ஒன்று அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

பீகார் தூரம் என்று நினைக்காதீர்கள். மாமல்லபுரம் நம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே ஆதரவற்றோர் இல்லக் குழந்தைகள் சுரண்டப்படுவதாக வந்த ஒரு செய்தியிலிருந்துதான் 2007இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு எழுந்தது. வழக்கின் பெயரிலேயே தமிழ்நாடு இருக்கிறது. இல்லங்களைப் பதிவு செய், ஒவ்வொரு குழந்தைக்கும் பராமரிப்புத் திட்டம் எழுது, சமூகத் தணிக்கை நடத்து என்று தீர்ப்பு வந்தது 2017 மே மாதத்தில். பத்து ஆண்டுகள்! வழக்குப் போட்டபோது எட்டு வயதில் இருந்த பிள்ளைக்கு, தீர்ப்பு வந்தபோது பதினெட்டு.

நேர்மையாக இல்லம் நடத்தும் சகோதரிகள் சிலர் என்னிடம் கேட்டார்கள்: "கோப்பைக் கொடுத்தால் அது வாட்ஸ்அப்பில் சுற்றாது என்று யார் உத்தரவாதம் தருவது?" நியாயமான பயம். போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் விவரம் நாலு பேர் கைக்குப் போனால், அவளுக்கு அது இரண்டாவது கொடுமை. ஆகவே கோப்பை யார் திறந்தார், எந்தத் தேதியில், எதற்காக என்பது பதிவாகட்டும். மேலே போகும் அறிக்கையில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும். கசியவிட்டவருக்குத் தண்டனை கிடைக்கட்டும். விவரம் புரிகிற வயதுப் பிள்ளையிடம், "உன் கோப்பை இன்னார் பார்க்கப் போகிறார்" என்று முன்னாலேயே சொல்லட்டும். பயத்துக்கு மருந்து இது. பூட்டு அல்ல.

2021 திருத்தத்துக்குப் பிறகு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆட்சியரின் மேற்பார்வையில் இருக்கிறது. அதனால் நம் கோரிக்கை மனுவை அவரிடமே கொடுக்கிறோம். கோரிக்கைகள் இவை: ஆய்வு அறிக்கையின் நகல் அதே வாரத்தில் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். கோப்பைக் காட்ட மறுப்பவர் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு குழந்தையை இடம் மாற்றினால் எங்கே, ஏன், யார் ஆணைப்படி என்பது அன்றைக்கே ஆணையத்துக்குத் தெரிய வேண்டும்.

அந்தப் பையனுக்கு இப்போது இருபது வயது. எங்கே இருக்கிறான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மனு வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாள். காலை ஒன்பதரைக்கு ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்பேன். வாருங்கள்.