முதியோர் நகரில் மனை தேர்தல்

(எமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முதியோர்க்கென அமைந்த பெருங் குடியிருப்பினுள் எப்பகுதியில் மனை கொள்ளுதல் நலம் என்பது பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். சிறார் கல்வியும் மகளிர் உயர்வும் பேசப்பெற்ற இம்மேடைக்கு இப்பொருள் புதியதே. ஆயினும், காலம் இதனைப் பேசுமாறு ஏவுகின்றது. 1965-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடு தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றி, ஆசிய மக்களுக்கும் வாயில் திறந்தது. அதன் பின்னர் மருத்துவராகவும் பொறியியல் வல்லாராகவும் ஆங்குச் சென்ற நம்மவர் பலர் இன்று எழுபதும் எண்பதும் கண்ட முதியோர். அவர்தம் மக்கள் திசைக்கொருவராய் வாழ்கின்றனர். பிறந்த ஊருக்கு மீள இயலாமலும், மக்கள் மனையில் ஒதுங்கி வாழ மனம் ஒவ்வாமலும், அந்நாட்டு முதியோர் நகரங்களை அவர் நாடுகின்றனர். ‘எந்த நகர்?’ என்பது அவர்தம் முதல் வினா. ‘அந்நகரில் எந்த வீதி?’ என்பது இரண்டாம் வினா. இரண்டாவதே விடை காண அரியது. அதனையே ஈண்டு ஆராய்வோம்.

இத்தகைய நகரங்களின் வரலாறு நெடியதன்று. அரிசோனா மாகாணத்தில் 1960 ஜனவரி முதல் நாளன்று, டெல் வெப் என்னும் கட்டடத் தொழிலதிபர் ‘சன் சிட்டி’ என்னும் நகரைத் திறந்தார். சிறிய வீடு, கோல்ஃப் ஆடுகளம், நீச்சற்குளம், பொழுதுபோக்கு மன்றம் ஆகிய இவற்றை ஒருங்கே அமைத்தால் முதியோர் விரும்பி வருவர் என்பதை அவர் மெய்ப்பித்தார். முதுமை மூலையிற் கிடக்கும் பருவம் என்ற எண்ணம் அந்நாட்டில் மெல்ல மாறிற்று. பின்னர் 1995-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டப்படி, 100-க்கு 80 வீடுகளிலேனும் 55 வயது நிரம்பிய ஒருவர் வாழ்ந்து, அதற்குரிய ஏனைய விதிகளையும் காக்கும் குடியிருப்பு, இளங்குடும்பங்களை ஏலாது விடலாம்.

இன்று இவ்வகை நகரங்களுள் மிகப் பெரிதாய் விளங்குவது, ஃபிளாரிடா மாகாணத்தின் நடுவே, ஓர்லாண்டோவுக்கு வடமேற்கில் உள்ள ‘தி வில்லேஜஸ்’ என்பது. ஹாரல்டு சுவார்ட்ஸ் என்பார் நடத்திய சிறு குடியிருப்பொன்று, அவர் மைந்தர் கேரி மோர்ஸ் என்பவரின் முயற்சியால் இந்நகராய்ப் பெருகிற்று. 2020-ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் 79,077 மக்கள் இப்பெயர்ப் பகுதியில் இருந்தனர். அதற்கு முந்தைய பத்தாண்டில் இந்நகர்ப் பகுதி 39 விழுக்காடு வளர்ந்தது. அக்காலத்தில் அந்நாட்டின் வேறெந்த நகர்ப் பகுதியும் அவ்வளவு விரைந்து வளரவில்லை. பெயரின் பொருள் ‘சிற்றூர்கள்’. உள்ளபடியே அது பல சிற்றூர்களின் தொகுதிதான். வடக்கே ஸ்பானிஷ் ஸ்பிரிங்ஸ், நடுவே லேக் சம்டர் லேண்டிங், தெற்கே பிரவுன்வுட் எனச் சதுக்கங்கள் உள; அவற்றில் மாலைதோறும் இசையும் ஆடலும் நிகழும். பிரவுன்வுட்டுக்கும் தெற்கே புதிய பகுதிகள் விரிந்துகொண்டே செல்கின்றன. பொழுதுபோக்கு மன்றங்கள் 100-க்கு மேல். குடிகள் தாமே நடத்தும் கழகங்கள் 3,000-க்கு மேல். இத்துணைப் பரந்த நகரில் வடகோடியில் வாழ்வாரும் தென்கோடியில் வாழ்வாரும் ஆண்டு முழுதும் ஒருவரையொருவர் காணாதிருத்தல் கூடும். ஆதலின், நகரைத் தேர்ந்த அளவில் வேலை முடிந்ததாகாது.

தமிழ் இலக்கண நூலார் நிலத்தையும் பொழுதையும் இணைத்து முதற்பொருள் என்றனர். மனை தேடுவோரோ நிலத்தை நோக்குகின்றனர், பொழுதை மறக்கின்றனர். 65 வயதில் வாங்கிய மனையில் 85 வயதிலும் வாழ நேரும். அப்பொழுது கண் மங்கும். கை மோட்டாரைச் செலுத்த அஞ்சும். இணைபிரியாதிருந்த இருவருள் ஒருவர் இரார். மனையைத் தேர்பவர் இருவர். இறுதியில் அதில் வாழ்பவர் ஒருவர். அவ்வொருவர்க்கு ஏற்ற இடம் யாதோ, அதுவே இருவர்க்கும் ஏற்ற இடம். யாம் கூற வந்த பொருள் இதுவே. இனி வருவன இதன் விரிவு.

முதலாவது, போக்குவரவு. அந்நகரில் மோட்டார்ச் சாலைக்குப் புறம்பாகக் கோல்ஃப் வண்டிக்கென்றே தனிப் பாதைகளும், பெருஞ்சாலைகளைக் கடக்கப் பாலங்களும் சுரங்க வழிகளும் உள. அவ்வண்டி மணிக்கு ஏறத்தாழ 20 மைல் செல்லும். மோட்டார் உரிமத்தை விட்டுவிட்ட முதியவரும் அரசின் அடையாளச் சீட்டுடன் அதனைச் செலுத்த அம்மாகாணச் சட்டம் இடந்தருகின்றது. நம் ஊர்போல் நகரப் பேருந்து அடிக்கடி வரும் என்று எண்ணற்க. அவ்வசதி மிகக் குறைவு. ஆகவே, மோட்டார், கோல்ஃப் வண்டி, கால்நடை என முதியவரின் செலவு மூன்று படிகளில் சுருங்கும். முதற்படியை மட்டும் எண்ணி மனை கொள்பவர், அப்படி கழிந்த அன்றே சிறைப்பட்டவர் போலாவர். காய்கறிக் கடையும் மருந்துக் கடையும் கோல்ஃப் வண்டிக்கு எட்டுமாறு இருத்தல் வேண்டும். நாள்தோறும் மனிதர் முகம் காணும் ஓரிடமேனும் காலுக்கு எட்டுமாறு இருத்தல் வேண்டும்.

அத்தகைய இடம் எது? அந்நகரில் பெரும்பாலான பகுதிகளில் அஞ்சற்காரர் வாயிலுக்கு வருவதில்லை. பல வீடுகளுக்குப் பொதுவாக ஓர் அஞ்சல் நிலையம் உண்டு. அவரவர் சென்று தம் பெட்டியைத் திறந்து கடிதம் எடுத்தல் வேண்டும். பெரும்பாலும் அதனையடுத்தே நீச்சற்குளமும் இருக்கும். நம் ஊர்க் குளத்துப் படித்துறையும் ஆலமரத்தடியும் செய்த பணியை அங்கு இந்நிலையம் செய்கின்றது. ஒருவர் இரண்டு நாள் வாராதிருப்பின் ‘ஏன் வரவில்லை?’ என்று வினவுவார் அங்குத்தான் உளர். ஆடுகளத்தை நோக்கிய அழகிய மனைக்கு மிகுபொருள் கொடுப்போர் பலர். அப்பொருளில் ஒரு பகுதியை அஞ்சல் நிலையத்துக்கு அண்மையில் மனை கொள்ளச் செலவிட்டால், எண்பதாம் ஆண்டில் அதன் பயன் தோன்றும்.

இரண்டாவது, மருத்துவம். 2002-இல் திறக்கப்பெற்ற பெரிய மருத்துவமனை வடபகுதியில் உள்ளது. தென்கோடிப் புதுமனைகளிலிருந்து அது நெடுந்தொலைவு. இதனை அனைவரும் எண்ணுவர். எண்ணாதது ஒன்று உண்டு. அந்நகர வீடுகள் தம்மைத் தாமே பேணிக்கொள்ள வல்லார்க்கு உரியன. உண்ணவும் உடுக்கவும் துணை வேண்டும் நிலை வரின், துணைநிலை இல்லங்களுக்குச் செல்லுதல் வேண்டும். நெடுநாள் பேணும் அச்செலவை ‘மெடிகேர்’ என்னும் அரசுக் காப்புத் திட்டம் ஏற்பதில்லை. கணவர் அத்தகைய இல்லத்திற் கிடக்க, மனைவியார் நாள்தோறும் சென்று ஒருவாய்ச் சோறூட்டி மீளும் நிலை எத்துணைக் குடும்பங்களில் வந்துள்ளது! அவ்வம்மையார் தாமே வண்டி செலுத்திச் சென்று மீளக் கூடிய தொலைவில் மனை உள்ளதா என்று வாங்குமுன் ஒருமுறை அளந்து பார்த்தல் அறிவுடைமை.

மூன்றாவது, திசையும் மண்ணும். கிழக்கு வாயிலை விரும்புதல் நம்மவர் வழக்கம். அந்நகர வீடுகளில் வலையிட்ட தாழ்வாரம் பெரும்பாலும் பின்புறத்தது. வாயில் கிழக்காயின் தாழ்வாரம் மேற்காகும்; ஃபிளாரிடாவின் கோடை வெயில் மாலைவரை அதில் காயும். மாலையில் அமரவே தாழ்வாரம். ஆண்டில் பாதி நாள் அதில் அமர இயலாதெனின், வாயிற்றிசையால் வந்த பயன் யாது? மண்ணையும் நோக்குக. அந்நிலத்தின் அடியில் உள்ளது சுண்ணாம்புப் பாறை. நீர் அதனை அரிக்க, மேல்மண் குழியாய் உள்வாங்குவதுண்டு. 2018-ஆம் ஆண்டில் இந்நகரின் வீதியொன்றிலேயே அவ்வாறு நேர்ந்தது. அதுபற்றி மனையைத் துறத்தல் வேண்டா. காப்புறுதிச் சீட்டில் மட்குழிச் சேதமும் அடங்குகின்றதா என்று வினவுதல் வேண்டும்.

நான்காவது, பொருள். புதுப்பகுதியில் சாலை, வடிகால் முதலியன அமைத்த செலவு கடன்பத்திரமாய் மனைகளின்மேல் பங்கிடப்படும். அக்கடன் மனையைத் தொடரும், ஆளைத் தொடராது. ஒருங்கே தீர்க்கலாம், அன்றி 30 ஆண்டுவரை வட்டியோடு தவணையாய்ச் செலுத்தலாம். வடபாற் பழைய மனைகள் பலவற்றில் அது தீர்ந்திருக்கும். இஃதன்றி மன்றங்களுக்கும் குளங்களுக்குமான மாதக் கட்டணமும் உண்டு. ஆகவே, விலையை மட்டும் ஒப்பிடாது, கடனும் கட்டணமும் கூட்டி ஒப்பிடுக. கணவரின் ஓய்வூதியம் நின்றபின் மனைவியார் ஒருவரே இத்தவணையைச் செலுத்தக் கூடுமா என்று கணக்கிடுக.

ஐந்தாவது, அயல். இதுவே தலையாயது. வடமாகாணங்களின் பனிக்கு அஞ்சிக் குளிர்காலத்தில் வந்து, வேனிலில் மீளும் முதியோர் அந்நகரில் பலர். ‘பனிப்பறவைகள்’ என்று அவரை அந்நாட்டார் அழைப்பர். பிப்ரவரியில் விளக்கெரியும் வீதி, ஆகஸ்டில் இருண்டு கிடப்பதுண்டு. ஆண்டு முழுதும் குடியிருப்போர் மிக்க வீதியைத் தேர்க. அந்நகரில் சில வீதியார் ஒன்றுகூடி, நின்ற இதயத்தை மின்னதிர்வால் இயக்கும் கருவியை வாங்கி வைத்து, அதனைக் கையாளவும் பயின்றுள்ளனர். இதயம் நின்றபின் ஒவ்வொரு நிமிடத் தாழ்ப்பிலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறையும் என்பர் மருத்துவர். அந்நேரத்தில் கடல்கடந்த உறவினன் யாது செய்வான்? இரண்டு வீட்டுக்கு அப்பாலுள்ளவனே உயிர் தருபவன்.

இவ்விடத்தில் நம்மவர் கேட்கும் வினா ஒன்று உண்டு: ‘அவ்வீதியில் நம்மவர் உளரா?’ இவ்வினாவை யாம் இகழமாட்டோம். மறதிநோய் கொண்ட முதியவர் பலர் பின்னே கற்ற மொழியை இழந்து, தாய்மொழிக்கே மீள்வதுண்டு. அந்நிலையில் ‘தண்ணீர்’ என்னும் சொல்லை அறியும் செவி அருகில் இருத்தல் பெருந்துணை. அம்மாகாணத்திலேயே தவாரெஸ் என்னும் ஊரில், இந்திய உணவும் வழிபாட்டிடமும் உடைய ‘சாந்தினிகேதன்’ என்னும் முதியோர் குடியிருப்பு எழுந்தமைக்கும் இத்தகைய தேவையே காரணம். எனினும் ஒன்று உணர்தல் வேண்டும். 1968-ஆம் ஆண்டின் வீட்டுரிமைச் சட்டப்படி, இனம், சமயம், பிறந்த நாடு பற்றி எவரையும் அந்நாட்டில் வீடு வாங்காது தடுத்தல் ஆகாது. ஆதலின், அங்கே குலத்தெரு என்று ஒன்று இராது, இருத்தலும் வேண்டா. தம்மவர் வாரம் ஒருமுறை கூடும் இடம் வண்டிக்கு எட்டினால் போதும். அண்டை வீட்டார் மட்டும் எக்குலத்தாராயினும், எம்மொழியினராயினும், கதவைத் தட்டின் திறப்பவராய் இருத்தல் வேண்டும். அவரொடு பழகாது, தம்மவரை எண்ணியே தனித்திருப்போர், அவ்விரு துணையையும் இழப்பர்.

இவையனைத்தையும் தெளிய வழி யாது? வாங்குமுன் வாடகைக்கு ஒரு திங்களேனும் இருந்து பார்த்தல். இயலுமாயின் குளிர்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை காண்க. நிறுவனத்தார் காட்டும் புதுமனையோடு, வெளித்தரகர் காட்டும் பழைய மனைகளையும் காண்க. ஒருநாள் மோட்டாரைத் தொடாது வாழ்ந்து பார்க்க. இருவருள் ஒருவர் அகத்திலிருக்க, மற்றவர் தனியே ஒருநாட் பொழுதைப் போக்கிப் பார்க்க. அன்று மாலை அவர் முகம் கூறும் விடையே விடை.

அன்பர்களே! ‘இது கடல்கடந்த கதை, நமக்கென்ன?’ என்று எண்ணற்க. கோயம்புத்தூரைச் சூழ்ந்தும் முதியோர் குடியிருப்புகள் பல எழுந்துள்ளன. அயல்நாட்டிலிருக்கும் மக்கள் படத்தைக் கண்டு பணம் அனுப்பி, பெற்றோரைக் குடியேற்றுகின்றனர். ஆங்கும் இவ்வளவுகோலே பொருந்தும். பொது உணவுச்சாலைக்குக் கோலூன்றி நடக்கலாகுமா? மின்தூக்கி நின்ற நாளில் மாடிவீட்டார் என் செய்வர்? இரவில் மணி அடித்தால் செவிலியர் வந்து சேரும் தொலைவு யாது? இவற்றைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அவர் சென்று தங்கிப் பார்த்துத் தேரும் வரை, மக்கள் பொறுத்திருத்தல் கடன்.

நம் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். இத்தகைய குடியிருப்புகளில் வாழும் நம் உறுப்பினர், புதிதாய் வருவோரைச் சில நாள் உடனிருந்து வழிகாட்ட இசைவராயின், அவர்தம் இசைவைப் பெற்றுச் சங்கத்தில் ஒரு பதிவேடு வைத்தல் நலம். செலவு சிறிது, பயன் பெரிது. பதிவேட்டில் முதற்பெயர் எழுதப்பெறும் நாள் விரைவில் வருவதாக!