வளவில் ஓர் இருக்கை: அதற்கு எந்தக் கூரை?



வீட்டு வளவிலே, கிணற்றடிக்கு அப்பால் பூஞ்செடிகள் நிற்கும் மூலையில், நான்கு கப்பு நாட்டி, மேலே ஒரு கூரை போட்டு, அதன் கீழே ஒரு வாங்கு வைக்க வேண்டும் என்ற ஆசை நம்மிற் பலருக்கு உண்டு. வாங்கு செய்விப்பது எளிது. தச்சரிடம் நீளமும் அகலமும் சொன்னாற் போதும். கூரையைத் தெரிவதிலேதான் பிழை விடுகிறோம். நானும் விட்டவன்.

என் தந்தையாருக்கு முதுமையிற் கண்பார்வை ஏறக்குறைய முற்றாக மங்கிவிட்டது. வீட்டினுள் அடைபட்டுக் கிடக்க அவர் விரும்பவில்லை. அவருக்காகவே வேப்பமரத்துக்குச் சற்று அப்பால் ஓர் இருக்கை அமைத்தேன். வேலை விரைவில் முடியவேண்டும், கூரை நெடுநாள் உழைக்கவேண்டும் என்று எண்ணித் தகரம் போட்டேன். பங்குனி வெயிலில் காலை பத்து மணிக்கே அவர் எழுந்து உள்ளே வந்துவிடுவார். அதை அவர் பொறுத்துக்கொண்டார். ஐப்பசியில் மழை தொடங்கியதும் வேறொரு துன்பம் வந்தது. பார்வை இழந்தவருக்குக் காதுதான் உலகம். படலை திறக்கும் ஓசை, வருபவரின் காலடி, அயல்வீட்டாரின் பேச்சு ஆகிய அத்தனையையும் தகரத்தின் இரைச்சல் விழுங்கிவிட்டது. “தம்பி, மழை பெய்தால் இதுக்குள்ளை நான் ஒருத்தருமில்லாமல் இருக்கிற மாதிரிக் கிடக்கு” என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான், கூரை என்பது வேலி மாதிரி, கண்டபடி போட்டு முடிக்கும் காரியமன்று என்பது எனக்கு விளங்கிற்று.

யார் அமரப்போகிறார், எந்த வேளையில் அமரப்போகிறார் என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். மாலையிலே சிறிது நேரம் காற்று வாங்குவதற்கு மட்டுமானால் கூரையே வேண்டியதில்லை. பந்தலிட்டு முல்லையையோ கொடித்தோடையையோ படரவிடலாம். அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் கொடி அடர்ந்து நிழல் தர ஒரு பருவமேனும் செல்லும். மழை விட்ட பின்னும் இலைகள் நெடுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும். முசுறு கூடு கட்டினால், அமர்ந்தவர் எழுந்தோட வேண்டியதுதான்.

பகலெல்லாம் அமர்வோருக்குக் கிடுகோ பனையோலையோ ஏற்றது. தடிப்பாக வேய்ந்த ஓலை வெப்பத்தைக் கீழே விடாது; மழையின் ஓசையையும் அடக்கிவிடும். ஆயினும் ஓலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. சரிவு போதாவிடில் நீர் வடியாமல் ஓலையில் ஊறி, அது விரைவில் உக்கிப்போகும். சுவரிலிருந்து முகடு வரை குறுக்கே மூன்றடி தூரமிருந்தால், உயரமும் ஏறக்குறைய மூன்றடி இருத்தல் நலம். இரண்டொரு ஆண்டுக்கொருமுறை மாரிக்கு முன்னர் மீண்டும் வேயவும் வேண்டும். வேய்வோர் அருகிவிட்ட இக்காலத்தில் இதுவே பெருந்தொல்லை.

அத்தொல்லை வேண்டாமென்போர் ஓடு போடலாம். 1865ஆம் ஆண்டில் பாசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய தட்டையோடும், அதற்கு முந்திய பீலி ஓடும் நம் கண்ணுக்குப் பழகியவையே. ஓட்டுக்கு இரண்டடிக்கு ஓரடி ஏற்றம் போதும். ஆனால் பாரம் மிகுதி. மெலிந்த கப்புகள் தாங்கா. வைரம் பாய்ந்த பனைமரமாயின் நன்று. கல்நார்த் தகட்டை மட்டும் நான் சொல்லமாட்டேன். அதை அறுக்கும்போதும் துளைக்கும்போதும் எழும் தூசு சுவாசப்பைக்குக் கேடு விளைவிப்பது.

இனி வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு புறமும் சரியும் கூரை பார்வைக்கு எடுப்பானதுதான். ஆனால் விளிம்பு வாங்கிற்கு ஐந்தடி மேலே இருந்து, காற்றோடு மழை பாதிச் சாய்வில் அடித்தால், சாரல் ஐந்தடி உள்ளே வரும். சிறிய கூரையின் கீழ் ஒதுங்க இடமே இராது. ஆகவே வடக்கே வாழ்வோர் வாடைக்காற்று வரும் வடகிழக்குத் திசைக்கு முதுகு காட்டி வாங்கை வைத்து, அப்பக்கத்தில் கூரையைத் தாழ்த்தி இறக்குவது பயன் தரும். பருத்தித்துறைத் தெருமூடிமடத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அங்கே வீதியையும் சேர்த்தே கூரை மூடியிருக்கிறது. இருமருங்கிலுமுள்ள திண்ணைகள் அதன் உட்புறத்தே அடங்கியிருக்கின்றன.

நாற்புறமும் திறந்த கூரையைக் காற்று கீழிருந்து தூக்கப்பார்க்கும். 1964ஆம் ஆண்டு மார்கழியில் வடக்கிலும், 1978ஆம் ஆண்டு கார்த்திகையில் கிழக்கிலும் அடித்த சூறாவளிகளைக் கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கைமரங்களை வளையோடும், வளையைக் கப்போடும் இறுகப் பிணைத்து, கப்புகளை ஆழமாக நாட்டுங்கள்.

நான் தகரத்தைக் கழற்றிவிட்டுக் கிடுகு வேய்வித்தேன். அடுத்த மாரியில் ஒருநாள், மழை பெய்துகொண்டிருக்கையிலே, படலை திறக்குமுன்னரே வருவது யாரென்று ஐயா சொல்லிவிட்டார். பழைய தகரங்கள் கோழிக்கூட்டுக்கு மேலே போயின. கோழிகள் இதுவரை முறையிடவில்லை.